மூன்றாம் உள்ளீடு

நான்கு மணிக்கே வந்துவிட்டேன்.
தண்டர் பே நகரமன்றத்தில் ஆளில்லை.
ஹீட்டர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
என் பூட்ஸில் உருகிய பனி
கருவிகளின் அடுக்குக்குக் கீழே குட்டையாகத் தேங்க,
கேபிள்களைத் தூக்கிக் கட்டினேன்.

ஒன்றில் கேமரா.
இரண்டில் பொறியாளரின் லேப்டாப்.
மூன்றில், டொரன்டோவிலிருந்து இணையம் வழியே
ரெனே, சைகைமொழிக்காரர்,
கறுப்புச் சட்டை, பின்னால் நீலத் துணி.
கைகள் தெரிகின்றனவா என்று தட்டச்சு செய்து கேட்டார்.
தெரிந்தன, நகக்கண் வரைக்கும்.

மேலாளரின் மின்னஞ்சல்:
சின்னச் சன்னல், வலது கீழ் மூலை,
அகலத்தில் எட்டில் ஒரு பங்கு,
நகரச் சின்னத்தை மறைக்கக் கூடாது.

மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.
எட்டில் ஒரு பங்கில்
மனிதரின் கை தீக்குச்சி.
திரும்பி வந்து நான்கில் ஒன்றாக்கினேன்.
சின்னத்தில் பாதி போயிற்று.
போகட்டும்.

ஆறரைக்குக் கூட்டம்.
ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஞாயிற்றுக்கிழமை பஸ் பற்றி.
அதே மூன்றாவது வரிசையில்
அய்லா கொர்ஹோனன், கோட்டைக் கழற்றாமல்,
பார்வையை அந்த மூலையில் ஊன்றியபடி.

"அடுத்த படம்" என்றார் பொறியாளர்.
ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன்.
திரை அரை நொடி கறுத்தது.
வரைபடம் வந்தது.
ரெனே வரவில்லை.

பிழை என்னுடையதுதான்.
ஒவ்வொரு முன்னமைவும்
தன் சன்னலைத் தானே நினைவில் வைத்திருக்கும்;
இரண்டாவதற்கு நான் எதையும் சொல்லிவைக்கவில்லை.
ஒரு வாக்கியத்தின் நடுவே
இரண்டு கைகள் எங்கோ
யாருக்கும் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தன.
கைவிடுதல் என்ற சொல்லை
இத்தனை நேர்ப்பொருளில்
நான் கண்டதில்லை.

அய்லா கை உயர்த்தினார்.
"கேள்விகள் கடைசியில்" என்றார் தலைவர்,
மிகவும் அன்பாக,
அவருக்குக் கேட்காத குரலில்.

மெனு. அடுக்கு இரண்டு. மூலம் மூன்று.
அந்தப் பொத்தான்கள் அரிசிமணி அளவு,
என் விரலோ குளிரில் வீங்கியது.
சேமி என்று நினைத்து
இடமாற்று என்பதை அழுத்தினேன்.

பதினான்கடித் திரை முழுக்க ரெனே.
உள்ளங்கை ஒவ்வொன்றும் தலைவரின் மேசையளவு.
மூலையில், சன்னலுக்குள்,
வரைபடத்தின் பஸ் தடங்கள்
குளியலறை வடிகாலில் சிக்கிய முடிபோல.

பொறியாளர் தன் லேப்டாப்பையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.
மறுசீரமைப்பு என்றார். பயன்பாட்டு வீதம் என்றார்.
பூசி மெழுகிய குரலில் கடைசியாக,
ஞாயிறு சேவை நிறுத்தப்படும் என்றார்.

ரெனேயின் வலது கை
கத்தியாகி
இடது உள்ளங்கைமேல் விழுந்தது.

மன்றத்தில் யாரோ
மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"பின்னால் இருப்பவர், திரையைச் சரிசெய்ய முடியுமா?"
என் பெயர் இன்பவதனி.
சட்டையில் எழுதியிருக்கிறது.
ஒரே பொத்தான். அது எங்கே என்று தெரியும்.
தேடுவதுபோல் குனிந்து
ஒரு கேபிளின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு
பத்தொன்பது எண்ணினேன்.
இருபதாவது வர நெஞ்சு போதவில்லை.

வாக்கெடுப்பில் பஸ் தோற்றது,
ஒரே ஒரு வாக்கில்.
அதற்கும் திரைக்கும் சம்பந்தமில்லை,
இருந்ததாக நான் சொல்லவுமில்லை.

எல்லோரும் போன பிறகு
இரண்டாவது முன்னமைவில் சன்னலைப் பதித்துப் பூட்டினேன்.
நான்கில் ஒரு பங்கு.
மேலாளருக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கையில்
அய்லா மேசையருகே நின்றிருந்தார்.
எனக்கு எதையோ சொன்னார், கைகளால்,
அவசரமில்லாமல்,
இரண்டு முறை.

சட்டென்று திரும்பி
மூன்றாம் உள்ளீட்டைப் பார்த்தேன்.
நீலத் துணி இருந்தது.
நாற்காலி காலி.